கடிக்கும் நாய்: இனத்தின் குணமா, வளர்த்த விதமா?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். வீரா என்று இரண்டரை வயது ஆண் ராஜபாளையம் நாய் இருக்கிறது. 30 நாள் குட்டியாக வாங்கி வந்தோம். பகலில் கேட் ஓரம் சங்கிலியில் இருப்பான், ராத்திரி அவிழ்த்துவிடுவோம். முன்பு ஒரு முறை என் மகனோடு விளையாட வந்த பையனைச் சட்டையோடு கவ்வினான். போன மாதம் பழம் எடுக்க வந்த அம்மா ஒருவரைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டான். சோற்றுத் தட்டை நகர்த்தினால் என் மனைவியைப் பார்த்தே உறுமுவான். உறுமும்போதெல்லாம் கம்பால் இரண்டு போடுவேன். இப்போது உறுமுவது நின்றுவிட்டது, கடி நிற்கவில்லை. அந்த ஜாதியே அப்படித்தான் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். உனக்குப் பழக்கத் தெரியவில்லை என்கிறான் என் தம்பி. ஒரு டிரெய்னர், ஒரு மாதம் தன்னிடம் விட்டால் அடக்கித் தருவதாகச் சொல்கிறார். தடை செய்த நாய்களில் இதுவும் உண்டா? நல்ல காவல் குணம் என்று ஒரு நண்பர் தன் பெட்டை நாயோடு இணை சேர்க்கவும் கேட்கிறார். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: நாயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கடிபட்ட அந்த அம்மா ஊசி போட்டுக்கொண்டாரா என்று இன்றைக்கே விசாரியுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வீட்டு நாய்தானே என்று மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடி பட்டதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோலில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள்; முதல் ஊசி போடும் நாள்தான் 0. ரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் தேவை. அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கிடையாது. கடித்த நாய் 10 நாள் கழித்தும் நலமாக இருந்தால் அந்தக் கடியில் ரேபீஸ் பயம் இல்லை. வீரா இன்றும் நன்றாக இருக்கிறான் என்றால் அந்த அளவுக்கு நிம்மதி. ஆனால் இனி ஒரு கடி நடந்தால் அந்த 10 நாளை எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். வீராவுக்கு வருடாந்திரத் தடுப்பூசி போட்ட தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது சரியா, தம்பி சொல்வது சரியா?

குணம் ரத்தத்தில் வரும் என்பது உண்மைதான். ரஷ்யாவின் நோவசிபிர்ஸ்க்கில் 1959-இல் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி பண்ணை நரிகளில் சாதுவானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இணை சேர்க்க ஆரம்பித்தார். சில தலைமுறைகளிலேயே மனிதரைக் கண்டு வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. பின்னர் அங்கேயே சீறும் நரிகளைத் தனியாகச் சேர்த்தபோது, சீறும் பரம்பரை ஒன்றும் உருவானது. தீனி ஒன்று, கூண்டு ஒன்று, பரம்பரை மட்டும் வேறு. அப்படியென்றால் பக்கத்துத் தோட்டக்காரர் ஜெயித்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் 2022-இல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களைக் கேட்டறிந்து, அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேலானவற்றின் மரபணுவையும் பார்த்த ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒரு தனி நாயின் நடத்தை இன்னொரு நாயிலிருந்து வேறுபடுவதில், இனம் என்பது விளக்கியது சுமார் 9 சதவீதம்தான். சட்டென்று சீண்டப்படும் குணத்தில் இனத்தின் பங்கு இன்னும் குறைவு.

இரண்டும் முரண் இல்லை. பயமும் சீற்றமும் தாய் தகப்பனிடமிருந்து வருகின்றன. இனத்தின் பெயரிலிருந்து அவ்வளவாக வருவதில்லை. ராஜபாளையம் என்ற பெயர் உங்களுக்குச் சொல்வது: வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய், ஓட இடம் வேண்டும், அந்நியரிடம் ஒட்டாது. அந்நியரைக் கடிக்கும் என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. வீராவின் தாய் எப்படிப்பட்டவள், வீட்டுக்கு வந்தவரைப் பார்த்தால் பதுங்குவாளா, பாய்வாளா? குட்டி வாங்கும்போது அதைக் கேட்டிருந்தால் இனத்தின் பெயரைவிட அதிகம் தெரிந்திருக்கும். குட்டியை மட்டும் பையில் கொண்டுவந்து கொடுத்து, தாயைக் காட்ட மறுப்பவரிடம் யாருமே வாங்கக் கூடாது.

தம்பி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கும் இடத்தில் இல்லை. குட்டிக்கு மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலம்தான் முக்கியம். எது சாதாரணம், எது ஆபத்து என்று மூளை பிரித்து வைத்துக்கொள்வது அப்போதுதான். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடித்தான் கற்றுக்கொள்ளும். வீராவை 30-வது நாளிலேயே பிரித்துவிட்டார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியே இருக்கிறது. விற்பவரும் கவலைப்படுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. அப்புறம் உங்கள் தோட்டம் ஒதுக்குப்புறம். குட்டியாக இருந்தபோது அவன் பார்த்தது வீட்டு ஆள்கள் நாலு பேர் மட்டுமே என்றால், பழ சீசனில் திடீரென்று முதுகில் சாக்கும் தலையில் கொங்காடையுமாக வரும் இருபது பேர் அவன் கண்ணுக்கு மனிதராகவே தெரிய மாட்டார்கள்.

இன்னொன்று, ராஜபாளையம் வைத்திருக்கும் எல்லோரிடமும் நான் கேட்பது: வீராவுக்கு இரண்டு காதும் கேட்கிறதா? பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதுண்டு. நிறமி அணுக்கள் உட்காதில் இல்லாமல் போவதால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் தூங்கும்போது, காலடி அதிர்வு போகாத தூரத்தில், அவன் பார்வைக்குப் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது அசைகிறதா, சத்தம் வந்த பக்கம்தான் திரும்புகிறானா? கேட்காத நாய், பின்னாலிருந்து வந்தவரைத் தொட்ட பிறகுதான் உணரும். அதில் வரும் கடி, திடுக்கிட்டுக் கடிப்பது. இதோடு ஏற்காடு கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை முழுதாகக் காட்டிவிடுங்கள். காதில் சீழ், பல் வலி, இடுப்பு வலி, உண்ணிக் காய்ச்சல் என எது இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும். புதரும் ஈரமுமான தோட்டத்தில் உண்ணிக்குக் குறைவிருக்காது. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கூடுதலாகப் பார்க்க வேண்டியிருந்தால் நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இப்போது கம்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி, ‘உறுமுவது நின்றுவிட்டது’ என்பதுதான். உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ என்று சொல்கிறான். அதற்கு அடி விழுந்தால் பயம் போகாது, சொல்வதை மட்டும் விட்டுவிடுவான். இப்போது உங்கள் வீட்டில் இருப்பது முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும் நாய். ஒரு குழந்தை உள்ள வீட்டில் இதைவிட ஆபத்தான நிலை கிடையாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது: நாயை அடித்தோ உதைத்தோ பார்த்த உரிமையாளர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் திரும்பச் சீறியிருக்கிறது. கம்பை இன்றோடு விட்டுவிடுங்கள். உறுமல் திரும்பி வந்தால் அது நல்ல செய்தி. உறுமினால் விலகிப் போங்கள், அப்புறம் எதைக் கண்டு உறுமினான் என்று எழுதி வையுங்கள்.

சோற்றுத் தட்டுப் பிரச்சினை எளிது. தனி இடத்தில் வையுங்கள், அவன் தின்று முடித்து வெளியே வரும்வரை யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். மகனுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தட்டைப் பிடுங்கி யார் எஜமானன் என்று காட்ட வேண்டியதில்லை.

சங்கிலிதான் பெரிய வேலை. நீங்கள் சொல்லும் கேட் ஓரத்தில் அவன் நாள் முழுக்கச் செய்வதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஆள் வருவார், இவன் பாய்வான், சங்கிலி கழுத்தை இறுக்கும், ஆள் கடந்து போவார். ஒவ்வொரு முறையும் அவன் இரண்டு பாடம் படிக்கிறான்: ஆள் வந்தால் கழுத்து வலிக்கும், பாய்ந்தால் ஆள் போய்விடுவார். ஒரு நாளைக்கு இருபது முறை, இரண்டு வருடம். இதற்குப் பெயரும் பயிற்சிதான், நீங்கள் அறியாமல் கொடுத்த பயிற்சி. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994-இல் வெளியான ஆய்விலும், கட்டிப்போட்டு வளர்ப்பதற்கும் கடிக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. கேட்டுக்கும் நடைபாதைக்கும் தொலைவில், வீட்டின் பின்பக்கம், ஆறடிக்குக் குறையாத கம்பி வலை அடைப்புப் போடுங்கள். நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். கதவு இரண்டு அடுக்காக இருந்தால் நல்லது. ஒன்றைத் திறந்தாலும் இன்னொன்று காக்கும். காலையில் ஆள்கள் வருவதற்கு முன் நீளக் கயிற்றில் முக்கால் மணி நேரம் கூட்டிப் போங்கள், மோப்பம் பிடிக்க விடுங்கள். ராத்திரி அவிழ்த்துவிடுவது வேண்டாம். காட்டுமாடும் பன்றியும் நடமாடும் மலையில், துரத்தும் நாயின் பின்னால் மாடு திரும்பி உங்கள் வாசலுக்கே வரும்.

வாய்மூடி மாட்டிக்கொள்ளப் பழக்குவது இன்றியமையாதது. துணிப் பட்டையால் வாயைக் கட்டும் வகை வேண்டாம்; வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வகை வாங்குங்கள். முதல் சில நாள் அதன் உள்பக்கம் தயிர் தடவிக் காட்டுங்கள், அவனாகவே மூக்கை நுழைக்கட்டும். வாரை மாட்ட அவசரப்படாதீர்கள்.

இவை எல்லாம் அமைந்த பிறகுதான் பழக்கம். பழம் எடுப்பவர்களில் நாய்க்குப் பயப்படாத ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீரா வாய்மூடியோடு கயிற்றில் உங்களிடம். அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, தூரத்தில் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரட்டும். வீரா பார்த்ததும், பார்த்த பிறகே, வேகவைத்த ஈரல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கூடையின் இடைவெளி வழியாகக் கொடுங்கள். அவர் மரத்துக்குப் பின் மறைந்ததும் ஈரலும் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். காது நிமிர்ந்தாலும் தின்கிறான் என்றால் தூரம் சரி. உடம்பு விறைத்து, வாய் மூடி, ஈரலைக்கூடத் தின்னாமல் வெறித்தால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்; பின்னால் போங்கள். சாக்குக்காரர் வந்தால் ஈரல் வரும் என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆரம்பிக்கும்வரை தூரத்தைக் குறைக்கவே கூடாது. இதற்கு மாதக் கணக்கில் ஆகும். அவன் எல்லோரிடமும் குழைவான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் நடந்து போனால் சும்மா இருப்பான், அவ்வளவு எதிர்பார்க்கலாம்.

டிரெய்னரிடம் ஒரு மாதம் விடுவது எனக்கு உடன்பாடில்லை. வீராவின் பிரச்சினை உங்கள் கேட்டில், உங்கள் ஆள்களோடு. வேறு ஊரில் வேறு ஒருவரிடம் அடங்கி உட்காருவது இங்கே உதவாது. அடக்கித் தருகிறேன் என்பவர் எதை வைத்து அடக்குவார் என்று கேளுங்கள். ஷாக் காலர், முள் காலர், பட்டினி என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். உங்கள் தோட்டத்துக்கே வந்து, நீங்கள் கயிற்றைப் பிடிக்க, பக்கத்தில் நின்று சொல்லித் தருபவர் கிடைத்தால் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

தடைப் பட்டியலில் ராஜபாளையம் இல்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய 23 இனப் பட்டியல் பிட்புல், ராட்வைலர் போன்ற வெளிநாட்டு நாய்களைப் பற்றியது. அதையும் ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் பட்டியலில் இல்லை என்பதால் பொறுப்பு போய்விடாது. தன் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இவ்வளவும் செய்து, வலைக்கும் வாய்மூடிக்கும் அப்பால் இன்னொரு ஆழமான கடி நடந்தால், அல்லது உங்கள் மகனையே குறிவைத்தால், மருத்துவரோடு உட்கார்ந்து அவனை வலியில்லாமல் விடுவிப்பது பற்றியும் பேசத்தான் வேண்டும். எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் இறக்கிவிட்டு வருவதும், கடித்ததை மறைத்து காவல் நாய் என்று யாருக்காவது விற்பதும் அதைவிடக் கொடுமை. அடுத்த கடியை முன்பின் தெரியாத ஒருவருக்குத் தள்ளிவிடுகிறீர்கள்.

கடைசியாக அந்த நண்பர். வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். வீரா கடித்தது காவலால் அல்ல, பயத்தால். நல்ல காவல் நாய் குரைத்து உங்களைக் கூப்பிடும், நீங்கள் வந்து சொன்னதும் நிறுத்தும். பயந்து கடிக்கும் நாயின் குட்டிகள் அந்தப் பயத்தோடு பிறந்து, ஏழெட்டு வீடுகளுக்குப் போகும். மருத்துவரிடம் காட்டும்போது கருத்தடை பற்றியும் கேளுங்கள். அது கடியை நிறுத்தும் மருந்து இல்லை. பயந்த நாயில் குணம் மாறாமலே இருக்கலாம், சிலதுக்குப் பயம் கூடவும் செய்யலாம் என்பதால் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அதுவரை இணை சேர்ப்பது மட்டும் கூடாது. அந்த நண்பருக்கு ராஜபாளையம் குட்டிதான் வேண்டுமென்றால், எட்டு வாரத்துக்குப் பிறகு, தாயின் கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.