ஆர்னால்டும் எர்ன்ஷாவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவிய கப்பல் கடிகாரங்களைப் பற்றிய கட்டுரையில், ஆங்கிலேயக் கடிகாரக்காரர்களான ஜான் ஆர்னால்டையும் தாமஸ் எர்ன்ஷாவையும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தன் கண்டுபிடிப்பை ஆர்னால்டு களவாடினார் என்று எர்ன்ஷா கடைசிவரை சொல்லிக்கொண்டிருக்க, தீர்க்கரேகை காணும் முறைகளுக்குப் பரிசளித்த பிரிட்டனின் தீர்க்கரேகை வாரியம் 1805இல் இரு தரப்புக்கும் சமமாக 3000 பவுண்டு என்று தீர்த்தது நியாயம்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் கடந்தது என் பிழைதான். எர்ன்ஷாவின் புகார் இது: கடிகாரத்தின் சக்கரங்களைப் பல் பல்லாக விடுவித்து ஓட்டத்தைச் சீராக்கும் ஸ்பிரிங் டிடென்ட் அமைப்பைத் தான் வடிவமைத்து, நம்பி பிராக்பேங்க் என்ற கடிகாரக்காரரிடம் காட்ட, அவர் வழியாக அது ஆர்னால்டின் காதுக்குப் போய்விட்டது. ஆர்னால்டு 1782இல் காப்புரிமை வாங்கினார். கட்டணம் கட்ட வசதியில்லாத எர்ன்ஷாவின் அமைப்போ மறு ஆண்டுதான், தாமஸ் ரைட் என்பவர் பெயரில் பதிவாயிற்று.

அந்த அமைப்பில், இரு பக்கமும் மாறி மாறி ஆடும் பாலன்ஸ் சக்கரம் ஒரு பக்கம் ஆடும்போது மட்டும் டிடென்ட் என்ற மெல்லிய தகடு விலகி, பற்சக்கரத்தின் ஒரு பல்லை விடுவிக்கும், அந்தப் பல் பாலன்ஸ் சக்கரத்துக்கு ஒரு தள்ளல் கொடுக்கும். பாலன்ஸ் சக்கரம் திரும்பி வரும்போது ஒரு தங்க வில் வளைந்து வழிவிட, டிடென்ட் அசையாமலே இருக்கும். ஆர்னால்டின் வளைந்த பற்களுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது, எண்ணெயோ நாளாக ஆகத் தடித்துவிடும். எர்ன்ஷாவின் பற்களுக்கு அது தேவைப்படவில்லை. கடிகாரம் நான்கு வினாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் கப்பலின் இடக்கணக்கு ஒரு கடல்மைல் பிசகும் என்பதால் இது சின்ன வித்தியாசமல்ல. திருட்டை நிரூபிக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் வேலைப்பாட்டில் எர்ன்ஷா ஒரு படி மேல்.

வாரியத்திலும் இரண்டு கட்சிகள் இருந்தன. அரச வானியலாளர் மாஸ்கெலின் எர்ன்ஷாவை ஆதரித்தார். ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் ஆர்னால்டு தரப்புக்காகத் தன் எதிர்ப்பை அச்சிட்டே வெளியிட்டார். யார் முதலில் என்ற வழக்கை வாரியம் தீர்க்கவில்லை. இருவர் முறைகளையும் விளக்கமும் வரைபடமுமாகப் பெற்று, எல்லாக் கடிகாரக்காரர்களுக்கும் பொதுவாக்குவதற்கே பணம் கொடுத்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆர்னால்டு 1799இலேயே இறந்துவிட்டதால் பங்கு மகனுக்குப் போனது. முன்பு பெற்ற தொகைகள் கழிக்கப்பட்டதில், அந்த ஆண்டு கைக்கு வந்தது எர்ன்ஷாவுக்கு 2500, ஆர்னால்டின் மகனுக்கு 1678 பவுண்டு. காசுக்கணக்கில் குறைவில்லை, ஆனால் எர்ன்ஷா கேட்டது காசு மட்டுமல்லவே. 1808இல் பொதுமக்களிடமே முறையிட்டு ஒரு நூல் எழுதினார், அதில் கோபம் சற்று அதிகம்தான்.

பிற்காலக் கப்பல் கடிகாரங்கள் பெரும்பாலும் அவர் முறையையே பின்பற்றின. அவர் 1829இல் இறந்தார். இரண்டாண்டு கழித்து டார்வினோடு புறப்பட்ட பீகிள் கப்பலில் ஏற்றப்பட்ட 22 கடிகாரங்களில் ஒன்று, அவர் செய்த 509ஆம் எண் கடிகாரம், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.