மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவத் திருச்சபை) மிஷனரி இளைஞர்கள் வெளிநாட்டில் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்? சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது. அவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு 2020 முதல் மாதம் 500 டாலர். எந்த நாட்டுக்குப் போவது என்பதையும் திருச்சபைதான் முடிவு செய்கிறது. ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு 18 மாதம்.

வழக்கமாகக் காலை ஆறரைக்கு எழுந்து உடற்பயிற்சி, ஜெபம், வேத வாசிப்பு, கூடவே அந்த ஊர் மொழிப் பாடம். அப்புறம் இரவு ஒன்பது வரை வெளியேதான். நடந்தோ சைக்கிளிலோ போய் ஆட்களிடம் பேசுவார்கள், கதவைத் தட்டுவார்கள், ஆர்வம் காட்டியவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். பல கதவுகள் முகத்துக்கு நேராக மூடப்படும். பத்தொன்பது வயதில் அதைத் தினமும் தாங்குவது சின்ன விஷயமில்லை.

இதைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றுவது துணை விதி. இருவராகவே இருக்க வேண்டும். ஒரே வீடு, ஒரே சமையல், தனியாக வெளியே போகக் கூடாது. அந்தத் துணையையும் தாங்களே தேர்ந்தெடுக்க முடியாது. காதல், சினிமா எதுவும் கிடையாது.

வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குப் பேச. முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் அம்மாவின் குரலைக் கேட்க முடியும். 2019 பிப்ரவரியில்தான் வாரந்தோறும் பேச அனுமதி வந்தது.