எடைக்கல்லின் அடியில் உள்ள ஈயம்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழு வயது முதல் சதுரங்கம் ஆடுகிறாள். மாநில அளவில் பரிசுகள் பெற்றவள். இப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு வரலாறு படிக்கப் போவதாகச் சொல்கிறாள். இத்தனை ஆண்டு உழைப்பும் வீண்தானா? உலகப் பட்டத்துக்கு மூன்று முறை மோதித் தோற்று, பிறகு காணாமல் போன அல்லா குஷ்னிரின் கதிதான் இவளுக்குமா? நல்ல பயிற்சியாளர் யாராவது பேசினால் மனம் மாறுவாளா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பயிற்சியாளர் யோசனையை விடுங்கள். சில நாட்களாக நானும் குஷ்னிரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் ‘கதி’ என்ற சொல் சுருக்கென்று தைத்தது.

1941இல் மாஸ்கோவில் பிறந்த யூதப் பெண். 1965, 1969, 1972 என மூன்று முறையும் அப்போதைய பெண்கள் உலக சாம்பியன் நோனா கப்ரிந்தஷ்விலியிடம் தோற்றார், உண்மைதான். மூன்றாவது முறை எவ்வளவில் தோற்றார் என்று பார்த்தீர்களா? எட்டரைக்கு ஏழரை. ஒரே ஒரு புள்ளி. பிறகு இஸ்ரேலில் குடியேறி, 1976 ஹைஃபா ஒலிம்பியாடில் அந்நாட்டுப் பெண்கள் அணியோடு தங்கம் வென்றார். சோவியத் அணி அங்கே வரவில்லை என்பார்கள். அது அவர் குற்றமா?

‘காணாமல் போனார்’ என்கிறீர்கள். யார் கண்ணுக்கு? டெல் அவிவில் தொல்லியல் அறிஞரானார். அல்லா குஷ்னிர்-ஸ்டைன் என்ற பெயரில் பழங்கால நாணயங்களையும் ஈய எடைக்கற்களையும் பற்றி எழுதினார். அந்த ஈயத் துண்டுகளில் கடைத்தெரு அதிகாரியின் பெயரும் ஆண்டும் கிரேக்கத்தில் இருக்கும். கிரேக்கத்தில் எண்ணையும் எழுத்தால்தான் குறிப்பார்கள். நூற்றைக் குறிக்கும் எழுத்து தேய்ந்திருந்தால் கணக்கு நூறாண்டு பிசகிவிடும்.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். இரும்புப் படிக்கல்லைக் கவிழ்த்தால் அடியில் ஒரு குழி, அதில் ஈயம், ஈயத்தில் அரசு முத்திரை. சிறுவயதில் அதை நகத்தால் சுரண்டி முதுகில் அடி வாங்கியிருக்கிறேன். கடையின் மானமே அதில்தான் இருக்கிறது என்றார் அப்பா. குஷ்னிரின் எடைக்கற்களைப் பற்றிப் படித்தபோது அந்த ஈயத்தின் மென்மை மறுபடியும் என் நகக்கண்ணில் பட்டது. பலகை முன்னால் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து பழகிய கண்கள் அல்லவா அந்தத் தேய்ந்த எழுத்துகளைப் படித்தன? அதில் எந்த ஆண்டு வீணானது?

கடிந்து எழுதுவதற்காக வருந்தாதீர்கள். பெற்றவரின் பயம் எனக்கும் தெரியும். ஆனால் ‘நிறுத்துகிறேன்’ என்று உங்களிடம் வந்து சொல்வதற்கு முன் அந்தக் குழந்தை எத்தனை இரவு தூங்காமல் கிடந்தாளோ! வரலாற்றில் அவளுக்கு எது பிடிக்கிறது என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.