கிணற்றடியும் கூட்டு ஒப்பந்தமும்: தொழிற்சங்கக் கேள்வி பதில்

சம்பளப் பேச்சுவார்த்தைக்குள் சுற்றாடல் விஷயங்களை எப்படிக் கொண்டுவருவது என்று யாழ்ப்பாணத்து வேலைத்தலங்களில் இருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (கொக்குவில், உணவு பொதியிடும் தொழிற்சாலை): ஐயா, கழிவுநீரைப் பற்றிக் கதைச்சால் "அது சுற்றாடல் அதிகாரசபைக்கும் எனக்கும் உள்ள விஷயம், சங்கத்துக்கு இதில என்ன வேலை" எண்டு முதலாளி கேக்கிறார். எங்களுக்கு உரிமை இருக்கோ?

பதில்: இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கூட்டு ஒப்பந்தம் (சங்கமும் முதலாளியும் பேசி எழுதிக்கொள்வது) எதைப் பற்றி அமையலாம் என்று சொல்லும்போது வேலை நிபந்தனைகளோடு நிற்கவில்லை. முதலாளி, தொழிலாளி, சங்கம் ஆகியோரின் சலுகைகள், உரிமைகள், கடமைகளையும் சேர்த்தே சொல்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிப்பது முதலாளியின் கடமை, அந்தத் தொட்டிக்குள் இறங்கித் துப்புரவாக்குவது உங்கள் ஆள். ஆகவே இது ஒப்பந்தத்துக்குள் வரும்.

யாருக்காகப் பேசுகிறீர்களோ அந்தத் தொழிலாளரில் குறைந்தது 40 வீதத்தினர் சங்கத்தில் இருந்தால், பேச மறுப்பது 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முறையற்ற தொழில் நடவடிக்கை. அங்கத்துவப் பட்டியலைச் சரிபார்க்காமல் கடிதம் அனுப்பாதீர்கள். பலரும் அதில்தான் சறுக்குகிறார்கள்.

கையெழுத்து வைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. ஒப்பந்தத்தைத் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு அனுப்பி, அது வர்த்தமானியில் வந்த பிறகுதான் அந்த வாசகங்கள் ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்திலும் உள்ளவையாகக் கொள்ளப்படும். இலாச்சிக்குள் கிடக்கும் இணக்கக் கடிதத்துக்கு அந்தப் பலம் இல்லை. முதல் கோரிக்கையாகச் சுலபமான ஒன்றைக் கேளுங்கள்: சுற்றாடல் அதிகாரசபை முறையில் தொழிற்சாலைக்குக் கிடைத்த சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் அதன் நிபந்தனைகளும் தமிழில் அறிவித்தல் பலகையில் தொங்க வேண்டும். முதலாளி எதற்கு ஏற்கெனவே கட்டுப்பட்டிருக்கிறார் என்பது அதில் எழுதியே இருக்கும்.

கேள்வி (கோண்டாவில், வாகனத் திருத்துமிடம்): கழிவு ஒயில் நிலத்தில ஊத்துப்படுது. "சுற்றாடலைப் பேணுவோம்" எண்டு ஒரு வரி எழுதினால் காணுமோ?

பதில்: காணாது. அப்படியொரு வரி யாரையும் எதற்கும் கட்டாது. எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் குகையும். மேலே ஊற்றியது மண்ணில் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போகலாம். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. இதை முதலாளிக்கு நினைவுபடுத்துவதில் தவறில்லை.

நான்கு விஷயங்களை எழுதுங்கள். ஒயில் பரலைக் கூரைக்குக் கீழே, சீமெந்துத் தளத்தில், சுற்றுக்கட்டுக்குள் வைக்க வேண்டும். கட்டுக்குள் உள்ள கொள்ளளவு மிகப் பெரிய பரலின் கொள்ளளவில் 110 வீதமாவது இருக்க வேண்டும். அதாவது 200 லீற்றர் பரலுக்கு 220 லீற்றர். அடுத்தது பதிவுப் புத்தகம்: வாகனத்தில் இருந்து எத்தனை லீற்றர் இறங்கியது, எத்தனை லீற்றர் யாரிடம் போனது, இரு தரப்புக் கையெழுத்தும். மூன்றாவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிணற்றுநீர்ப் பரிசோதனை. மாதிரியை இரு தரப்பும் கூடி நின்று எடுக்க வேண்டும், அதுவும் கண்ணாடிப் போத்தலில். பிளாஸ்ரிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் அளவு குறைவாகக் காட்டும். போத்தலை மாதிரி நீரால் முன்கூட்டி அலசவும் கூடாது, அளவு பிழைக்கும். முதல் மாதிரியை ஒப்பந்தத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "அது பழைய அழுக்கு" என்ற வாதத்துக்கு உங்களிடம் பதில் இருக்காது.

நான்காவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வேலிக் கட்டைக்குக் கறையான் வராமல் பூச அந்த ஒயிலை வாங்க ஆள் வரும், அந்தச் சில்லறை பல இடங்களில் தொழிலாளரின் பைக்குள்தான் போகிறது. ஒயிலை அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டும் கொடுக்க வேண்டும் என்று எழுதினால் உங்கள் ஆட்களின் வருமானம் போகும். அதற்கு ஈடாக மாதப்படி ஒன்றை அதே பந்தியில் கேளுங்கள். கேட்காவிட்டால் ஒயில் பின்கதவால் போய்க்கொண்டே இருக்கும், பதிவுப் புத்தகம் மட்டும் அழகாக இருக்கும்.

கேள்வி (அச்சுவேலி, தையல் பகுதி): ஏப்ரல், மே மாதத்தில தகரக் கூரைக்குக் கீழ நிக்கேலாது. எத்தினை பாகையில வேலையை நிப்பாட்டலாம்?

பதில்: சாதாரண வெப்பமானியை நம்பி எண் எழுதாதீர்கள். ஈரலிப்பு, காற்று, கதிர்வெப்பம் மூன்றையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் கோள வெப்பமானி என்ற கருவி உண்டு. வெயிலுக்குப் பழகியவர் ஓய்வில்லாமல் நடுத்தர வேலை செய்வதற்கு அந்த அளவீட்டில் சர்வதேச வழக்கில் உள்ள எல்லை 28 பாகை. அதற்கு மேல் போனால் ஓய்வு இடைவேளை தானாகத் தொடங்க வேண்டும், மேற்பார்வையாளரிடம் கெஞ்சித் தொடங்கக் கூடாது. குடிநீர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, ஏறத்தாழ 240 மில்லிலீற்றர். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் வெக்கையில் 20 வீத நேரம்தான், பிறகு நாளுக்கு 20 வீதமாகக் கூட்டலாம்.

தைத்த எண்ணிக்கைக்குச் சம்பளம் என்றால் இத்தனையும் வீண். ஓய்வெடுத்தால் காசு குறையும், ஆகவே ஒருவரும் எழும்ப மாட்டார்கள். இடைவேளை நேரத்துக்கும், அதற்கு முந்திய நான்கு வாரச் சராசரி வீதத்தில் சம்பளம் என்று எழுதினால்தான் பந்திக்கு உயிர் வரும். தண்ணீர் கொடுத்தால் மலசலகூடத்துக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்றும் சேருங்கள். பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே அதற்குப் பயந்துதான்.

கேள்வி (திருநெல்வேலி, விடுதி): சூரியப் படலம் போட்டதால முதலாளிக்கு மின்கட்டணம் குறைஞ்சிட்டுது. அதில பங்கு கேக்கலாமோ?

பதில்: படலத்தால் குறைந்தது அவர் போட்ட முதலுக்கு வந்த பலன். அதில் கை வைத்தால் பேச்சு அங்கேயே முறியும். நீங்கள் உழைத்துக் குறைத்ததில் கேளுங்கள். கடந்த 12 மாதப் பாவனையை ரூபாவில் பார்க்காமல் அலகுகளில் எடுங்கள், கட்டணம் அடிக்கடி மாறும். அதை அந்த 12 மாதத்தில் ஆள் தங்கிய அறை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அறை இரவுக்கு எத்தனை அலகு என்று வரும். அதற்குக் கீழே மிச்சப்படுத்தியதில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. படலத்துக்குத் தனி மானி இல்லையென்றால் கணக்கு குழம்பும். ஊழியர் அறை மின்விசிறியை நிறுத்தி வந்த மிச்சம் கணக்கில் சேராது என்றும் எழுதிவிடுங்கள்.

கேள்வி (குருநகர், ஐஸ் தொழிற்சாலை): மெசினை மாத்தப் போறாங்களாம். வேலை போகுமோ எண்டு பயமாக் கிடக்கு.

பதில்: ஓசோன் படையைக் கெடுக்கும் ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடும் பழைய மெசின் என்றால் மாற்றம் வரத்தான் செய்யும். மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகளில் அந்த வகை வாயுவின் பாவனை 2030 அளவில் ஏறத்தாழ முடிவுக்கு வருகிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. 15க்குக் குறைவென்றால் அந்தக் காப்பு இல்லை, ஒப்பந்தம்தான் வேலி. மெசினுக்குக் கட்டளை கொடுப்பதற்குக் குறைந்தது 90 நாளுக்கு முன் அறிவித்தல், சம்பளத்தோடு பயிற்சி, புது வேலைக்கு முதலில் பழைய ஆட்கள் என்று எழுதுங்கள். மெசின் துறைமுகத்தில் இறங்கிய பிறகு பேசப் போனால் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது.

புதியது அமோனியாவில் ஓடும் என்றால் பூமிச்சூட்டுக்கு அது நல்லது, மூச்சுக்கு நஞ்சு. எதிரெதிராக இரண்டு வாசல், கசிவு எச்சரிக்கை மணி, காற்றுத் திசை காட்டும் துணிக்குழல், வாயிலுக்கு வெளியே முகமூடி. முகமூடியை மெசின் அறைக்குள் மாட்டிவைப்பது வழக்கமான மடைத்தனம். கசியும்போது அதை எடுக்க யார் உள்ளே போவது?

கேள்வி (அரச வைத்தியசாலை ஊழியர்): எங்களுக்கும் இது பொருந்துமோ?

பதில்: அரசாங்கம் முதலாளியாக இருக்கும் இடத்துக்கு மேலே சொன்ன பிணக்குகள் சட்டம் பொருந்தாது. நிர்வாகத்தோடு கூட்டம் நடத்திக் குறிப்பில் பதிந்து, சுற்றறிக்கையாக வாங்குங்கள்.

கேள்வி (மானிப்பாய்): "முதலில சம்பளம், பிறகு மரம் நடுவம்" எண்டு எங்கட ஆக்கள் சிரிக்கினம்.

பதில்: சிரிக்கட்டும், மரத்தை விடுங்கள். வெள்ள லீவில் தொடங்குங்கள். 2008 நிஷாப் புயலிலும் 2020 புரெவிப் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற நாட்களுக்கு யாருடைய லீவு வெட்டுப்பட்டது என்று கூட்டத்தில் கேளுங்கள். ஸ்பெயினில் 2024 வெள்ளத்துக்குப் பிறகு நான்கு நாள் வரை சம்பளத்தோடு காலநிலை லீவு சட்டமானது. நீங்கள் இரண்டு நாள் கேளுங்கள், கிராம அலுவலர் கடிதம் போதும் என்று எழுதுங்கள்.