துடுப்பு கிடக்கா?

கேள்வி: கல்லடியில் எங்கள் வீட்டுப் பக்கம் போர்ட் கேம், காமிக்ஸ் விற்கிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை பின்மேசையைத் தருகிறேன், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்து என்று கடைக்கார அண்ணன் சொல்லிவிட்டார். ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் நாலு பேரை எனக்கு முன்பின் தெரியாது. நான் விளையாடியிருக்கிறேனே தவிர நடத்தியதில்லை, புத்தகமும் இங்கிலிஷ். எப்படித் தொடங்குவது?
— ஒரு வாசகன், கல்லடி

பதில்: தம்பி, முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். (கேள்விப்படாதவர்களுக்கு: 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட விளையாட்டு இது. ஒருவர் களத்தைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து தாங்கள் என்ன செய்கிறோம் என்பார்கள், அது பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.) வருகிறவர்களுக்குத் தேவையான விதி ஒன்றுதான்: இருபது முகக் கட்டையை உருட்டு, உன் திறமைக்கு உள்ள எண்ணைக் கூட்டு, லேசான வேலை என்றால் 10, நடுத்தரம் 15, கஷ்டம் 20, அதைத் தொட்டால் சரி. இதை அரைப் பக்கத்தில் தமிழில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள். அடிப்படை விதித் தொகுப்பை வெளியீட்டு நிறுவனத்தார் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், அதனால் மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு நீங்கள் தாராளமாக மொழிபெயர்க்கலாம், போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கலாம்.

பாத்திரங்களை நீங்களே ஆறு தயாரித்துக்கொண்டு போங்கள். கடையில் வைத்து உருவாக்கத் தொடங்கினால் மூன்று மணித்தியாலத்தில் ஒன்று அதிலேயே போய்விடும்.

அப்புறம் கதை. நான் முதல் தடவை நடத்தியபோது நாலு பக்கம் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே எல்லாருடைய கையிலும் போன். தோணி ஒன்று கரையில் நிற்கிறது என்ற இடம் வந்தபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு தங்கச்சி, "தோணிக்குள்ள துடுப்பு கிடக்கா?" என்று கேட்டாள். என் தாளில் துடுப்பே இல்லை. கிடக்கு என்றேன். அவள் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள், மற்றவர்களும் குனிந்தார்கள், மிச்ச இரண்டு பக்கத்தை நான் திறக்கவேயில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது, நடத்துகிறவருடைய வேலை கதை சொல்வதல்ல, ஒரு இடத்தைக் காட்டிவிட்டு "என்ன செய்யிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. நம்முடைய கூத்திலும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரியில்தான் நிற்கிறார், ஆனால் கூத்தருடைய ஆட்டத்தை அவர் ஆடுவதில்லையே.

இடம் என்று வந்தால் ஐரோப்பியக் காட்டுக்குப் போகாதீர்கள். பூரணை இரவு, கல்லடிப் பாலத்தடி, வாவி மீன் பாடுவதைக் கேட்கத் தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் வைத்து மற்ற முனையில் காதை வைக்கிறார், இன்றைக்கு மீன் பாடவில்லை. என்ன செய்யிறீங்க? நம்மட ஊர்ப்பிள்ளைகள் இதற்குப் பதில் யோசிக்க ஒரு நிமிடம் எடுக்க மாட்டார்கள், அவர்கள் பேசுகிற தமிழிலேயே பேசவும் விடுங்கள்.

சண்டையில் கவனம். முதல் மட்டத்து மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஏழு எட்டுத்தான் இருக்கும், கொப்ளின் என்கிற குட்டி அரக்கனின் ஒரே வெட்டு மூன்றிலிருந்து எட்டு வரை எடுக்கும். ஆகவே ஆறு பேருக்கு மூன்று கொப்ளின் போதும். ஆறு பேர் ஒவ்வொருவராக முறை எடுத்தாலே ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் போகும் என்பதால், ஒரு சண்டைக்கு மேல் வைக்கவும் வேண்டாம்.

காத்தான்குடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் இருந்தால் அஸர் தொழுகைக்கு இடைவெளி விடுங்கள், அந்த நேரத்தில் மற்றவர்கள் பிளேன்டீ குடிக்கட்டும். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே முடியுங்கள். இருட்ட முன்னர் வீடு சேர வேண்டிய பிள்ளைகள் இருப்பார்கள், ஒரு முறை பிந்தினால் அடுத்த சனி வீட்டில் விடமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் மேசையில் ஒரு அண்ணன் எல்லாருக்கும் சேர்த்து அவரே முடிவெடுக்கிறார். மூத்தவர், எப்படிச் சொல்வது?
— வாசகி, கல்முனை

பதில்: எல்லார் முன்னிலையிலும் வேண்டாம். அவர் பேசி முடித்ததும், "சரி அண்ணன், நீங்க கதவடியில நிக்கிறீங்க" என்று அவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, பேசாமல் இருப்பவரின் பாத்திரப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவரிடம் கேளுங்கள். பதில் வரச் சுணங்கினாலும் காத்திருங்கள். இரண்டு கிழமையாகியும் மாறாவிட்டால், ஆட்டம் முடிந்து கடை வாசலில் தனியாக நின்று, இன்னாருக்கும் கொஞ்சம் இடம் விடுங்க அண்ணன் என்று நேரே கேட்டுவிடுங்கள்.