யாரைப் பாடுகிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்கத்தியச் செவ்வியல் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஃபின்லாந்து இசையமைப்பாளர் ஸிபெலியுஸின் ‘ஃபின்லாந்தியா’வைக் கேட்டேன். ஒரு தேசிய கீதம் இவ்வளவு கம்பீரமாக இருக்க முடியுமா என்று வியந்துபோனேன். அங்கிருந்து தேடிப்போய் லாப் இனத்தவரின் ‘யோய்க்’ பாடல்களில் மாட்டிக்கொண்டேன். ஒரே வரி, அதுவும் ‘லோ லோ, நு நு’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. ‘ஃப்ரோஸன்’ படத்தின் தொடக்கப் பாட்டும் இந்த வகைதான் என்கிறாள் என் மகள். பன்னிரண்டு வயது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபின்லாந்து இசையும் இதுவும் ஒன்றுதானா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

முதலில் இரண்டு திருத்தங்கள். ‘ஃபின்லாந்தியா’ ஃபின்லாந்தின் தேசிய கீதம் அல்ல. அவர்களுடைய கீதம் ‘மாம்மே’, அதாவது ‘எங்கள் நாடு’. அதற்கு மெட்டமைத்த ஃப்ரெட்ரிக் பாசியுஸ் ஹாம்பர்கில் பிறந்த ஜெர்மானியர். அதே மெட்டில்தான் பக்கத்து நாடான எஸ்தோனியாவும் தன் கீதத்தைப் பாடுகிறது. இரண்டாவது, ‘லாப்’ என்பது வெளியார் வைத்த பெயர். இளக்காரம் தொனிப்பதால் அம்மக்கள் அதை விரும்புவதில்லை. தங்களை ஸாமி என்கிறார்கள். (‘சாமி இசை’ என்று எழுதினால் நம்மூரில் பஜனை என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் இந்த ‘ஸா’.) நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என நான்கு நாடுகளின் வடகோடியில் பரவி வாழ்பவர்கள். ஃபின்னிஷ் மொழியும் ஸாமி மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் பாட்டு என்று வந்தால் இரண்டும் இரண்டு வழி.

ஃபின்னிஷ் பழம்பாட்டுக்குச் சொல்தான் உயிர். எலியாஸ் லொன்ரூட் என்ற மருத்துவர் ஃபின்லாந்து-ரஷ்ய எல்லைப் பகுதியான கரேலியாவின் கிராமங்களில் அலைந்து திரட்டிய பாடல்களைக் கோத்து 1835இல் ‘கலேவலா’ என்ற காவியமாக வெளியிட்டார். 1849இல் வந்த விரிவான பதிப்பில் 22,795 வரிகள். அதன் முதலிரண்டு வரிகளின் ஓசையை மட்டும் கேளுங்கள்: ‘மியெலெனி மினுன் தெகெவி, ஐவொனி அயத்தெலெவி’. ‘என் மனம் விழைகிறது, என் மூளை எண்ணுகிறது’ என்று பொருள். முதல் வரியில் மகர மோனை, இரண்டாவதில் அகர மோனை. சொன்னதையே வேறு சொல்லில் இன்னொரு முறை சொல்லும் அடுக்கு. வரிக்கு எட்டு அசை. பாடும்போது கடைசி இரண்டு அசைகளை நீட்டி ஐந்து எண்ணிக்கைக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். கண்ட சாபு தாளம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கை தானாகத் தட்டும்.

மூத்த பாடகர் ஒரு வரி பாடுவார். அதன் கடைசி அசைகளில் பின்பாட்டுக்காரர் சேர்ந்துகொண்டு முழு வரியையும் திருப்பிப் பாடுவார். அந்த அவகாசத்தில் மூத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியை நினைவுக்குக் கொண்டுவருவார். இப்படியே மணிக்கணக்கில் போகும். துணைக்கு வாத்தியம் வேண்டுமென்றால் மடியில் வைத்து மீட்டும் ‘கன்தெலெ’. பழைய கன்தெலெவுக்கு ஐந்தே தந்திகள், பழைய மெட்டுகளும் பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுபவை. முதல் கன்தெலெவைக் காவிய நாயகன் வைனாமொய்னென் ஒரு பெரிய மீனின் தாடையெலும்பில் செய்தான் என்பது கதை.

லாரின் பராஸ்கே (1833–1904) என்ற ஏழைக் கிராமத்துப் பெண் இந்தப் பாடல்களை ஆயிரக்கணக்கான வரிகள் நினைவில் வைத்திருந்தார். இளைஞராக இருந்த ஸிபெலியுஸ், போர்வோ நகரில் அவர் பாடக் கேட்டிருக்கிறார். கலேவலாக் கதையை வைத்து ஸிபெலியுஸ் எழுதிய ‘குல்லெர்வோ’ என்ற இசைப்படைப்பு 1892இல் அரங்கேறியது. அதற்காக ஸிபெலியுஸ் நாட்டுப்புற மெட்டுகளை எடுத்துக் கையாண்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஃபின்லாந்தியா’வின் நடுவே வரும் அந்த அமைதியான கீதத்தை நாட்டுப்பாடல் என்றே பலர் நம்பினார்கள். அது தன் சொந்த மெட்டு என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது ஃபின்லாந்தை ஆண்ட ரஷ்ய ஜார் ஆட்சியின் பத்திரிகைத் தணிக்கையை எதிர்த்து 1899இல் ஹெல்சிங்கியில் நடந்த விழாவுக்காக எழுதப்பட்ட இசை அது. தணிக்கையாளர் கண்ணில் படாதிருக்க வேறு வேறு பெயர்களில் வாசித்தார்கள். இன்று அந்தக் கீதத்துக்குப் பாடப்படும் ஃபின்னிஷ் சொற்கள் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தவை.

ஆனால் எனக்கு ‘ஃபின்லாந்தியா’வைவிட அவருடைய ‘துவொனெலாவின் அன்னம்’ பெரிது. துவொனெலா இறந்தவர்களின் நாடு. அதைச் சுற்றி ஓடும் கருநீர் ஆற்றில் ஓர் அன்னம் பாடிக்கொண்டே மிதக்கிறது. அவ்வளவுதான் கதை. அன்னத்தின் குரலாக வருவது ‘கோர் ஆங்லே’ என்ற ஓபோ வகைக் குழல். நாகஸ்வரத்தைப் போல இரட்டைச் சீவாளி கொண்டது, ஆனால் திறந்த வெளிக்கான குரல் அல்ல அதற்கு. கீழே வயலின்கள் பல பிரிவுகளாகப் பிரிந்து ஒலி அடக்கி வாசிக்க, மேலே இந்த ஒற்றைக் குழல் யாரையும் பொருட்படுத்தாமல் போகிறது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

போல்கா என்ற துள்ளல் நடன இசையைப் பற்றி ஒன்றே ஒன்று. 1941இல் ஃபின்லாந்துப் படைகள் விபுரி நகரை மீட்டபோது, பின்வாங்கிய சோவியத் படையினர் வானொலி அலையால் வெடிக்கும் கண்ணிவெடிகளை அங்கே புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குறிப்பிட்ட அலைவரிசையில் மூன்று ஸ்வரங்கள் ஒலித்தால் வெடிக்கும். ஃபின்லாந்துக்காரர்கள் ஒலிபரப்பு வண்டி ஒன்றைக் கொண்டுவந்து அதே அலைவரிசையில் ‘ஸாக்கியார்வி போல்கா’வின் அக்கார்டியன் இசைத்தட்டை ஓயாமல் ஓடவிட்டு அந்த ஸ்வரங்களை மூழ்கடித்தார்கள். ‘ஸாக்கியார்வி நம் கையைவிட்டுப் போய்விட்டது, அதன் போல்காவாவது மிஞ்சியதே’ என்கிறது அந்தப் பாட்டு. போர் முடிவில் அந்த ஊர் சோவியத் எல்லைக்குள்ளேயே போய்விட்டது.

பழைய பாட்டு இன்று எப்படி ஒலிக்கிறது என்று அறிய ‘வார்த்தினா’ குழுவைக் கேட்கலாம். 1983இல் ராக்கிலா என்ற சிற்றூரில் பிள்ளைகள் சேர்ந்து தொடங்கியது. தொண்டையைத் திறந்து, கூர்மையாக, ஒரு வாய் போலப் பல பெண்கள் பாடுவார்கள். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மேடை நாடகத்துக்கு, அது 2006இல் டொரொன்டோவில் அரங்கேறியபோது, இசையமைத்தவர்களில் இவர்களும் நம் ஏ.ஆர். ரஹ்மானும் உண்டு.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். யோய்க்கைப் பற்றி ஸாமிகள் சொல்வது ஒன்று உண்டு: ஒருவரைப் ‘பற்றி’ யோய்க் பாடுவதில்லை, ஒருவரையே பாடுகிறோம். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி தேவைப்படும். தமிழில் இரண்டாம் வேற்றுமை போதும். கபிலர் பாரியைப் பாடினார் என்றுதானே சொல்கிறோம்? ஆனால் கபிலர் பாடியது கபிலரின் பாட்டு. யோய்க்கில் அப்படி இல்லை. உங்களை நான் பாடினால் அந்தப் பாட்டு உங்களுடையது. இயற்றியவனுக்கு அதில் உரிமை இல்லை. தன்னைத் தானே பாடிக்கொள்வது தற்பெருமை. அவருடைய நடை, சிரிப்பு, படபடப்பு எல்லாம் மெட்டிலும் தாளத்திலும் இருக்கும். ஆளைத் தெரிந்தவர்களுக்குச் சொல் இல்லாமலே அடையாளம் தெரிந்துவிடும். மனிதர்களுக்கு மட்டுமல்ல, ஓநாய்க்கும் கலைமானுக்கும் மலைக்கும் யோய்க் உண்டு. பிற மனிதர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு வழி இது என்று யொஹான் தூரி 1910இல் எழுதினார். ஸாமி மொழியில் ஸாமி ஒருவர் எழுதி வந்த முதல் உலகியல் நூல் அது.

தொடக்கமும் முடிவும் பிடிபடவில்லை என்றீர்கள். சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். வட்டம் அது. பாடகர் நடுவில் நுழைவார், நடுவில் நிறுத்திவிடுவார். பாடப் பாடச் சுருதி மெல்ல மேலேறுவதையும் கவனியுங்கள். பிசகு அல்ல, வழக்கம்.

இந்தப் பாட்டைப் பிசாசின் வேலை என்றது திருச்சபை. 1692இல் ஆண்டர்ஸ் போல்சென் என்ற ஸாமி முதியவரை அவருடைய மந்திரப் பறைக்காக நார்வேயின் வாட்ஸோவில் விசாரித்தார்கள். தீர்ப்பு வருமுன்னரே இன்னொரு கைதியால் கொல்லப்பட்டார். டென்மார்க் கொண்டுபோன அவருடைய பறை 2022இல்தான் ஸாமி மக்களுக்கு உரிமையாகத் திரும்பியது. பிற்காலத்தில் பள்ளிகளிலும் யோய்க்குக்கு இடமில்லாமல் போயிற்று. விம்மே ஸாரி என்ற பாடகர் ஃபின்லாந்து வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்தபோது, ஆவணக் காப்பகத்து நாடாவில்தான் தன் குடும்பத்துப் பெரியவரின் யோய்க்கை முதன்முதலாகக் கண்டெடுத்தார். வீட்டில் பாட விட்டதில்லை.

யோய்க்கை மீட்டவர்களில் முதல்வர் நில்ஸ்-அஸ்லாக் வல்கெயாபா (1943–2001). 1968இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டுக்குப் பின்தான் இளைஞர்கள் வெட்கமில்லாமல் யோய்க் பாடினார்கள். 1994 லில்லெஹாமர் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் பாடினார். அடுத்து மாரி பொய்னே. ‘குலா குலா’ (1989) என்றால் ‘கேள், கேள்’. ராக் இசையும் பறையும் சேர்ந்தது, தூய மரபு அல்ல, ஆனால் புதிதாக நுழைபவர்களுக்கு அதுவே நல்ல வாசல். பிறகு யொன் ஹென்ரிக் ஃபியெல்கிரேன். கொலம்பியாவில் பிறந்து, ஸ்வீடனில் ஸாமி குடும்பம் ஒன்று தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. இறந்துபோன நண்பனைப் பாடிய யோய்க்கோடு 2014இல் ஸ்வீடன் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் மேடைக்கு வந்து பட்டமும் வென்றார். கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். நண்பனின் பெயர் டானியேல். அவரை அறியாத எனக்கே அந்த மெட்டில் யாரோ ஒருவர் நடந்து வருவது போலிருந்தது.

மகளிடம் சொல்லுங்கள்: ‘ஃப்ரோஸன்’ பாட்டின் ‘நா நா நா ஹெயானா’வுக்கு அகராதியில் பொருள் கிடையாது. ஃப்ரோதெ ஃபியெல்ஹைம் என்ற தென்ஸாமி இசையமைப்பாளர் எழுதியது. அதன் மூலப் பாட்டின் பெயருக்குப் ‘பூமியின் யோய்க்’ என்று பொருள். பூமியைப் பாடியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த மூலத்தில் யோய்க்கோடு பின்னப்பட்டிருப்பது ஒரு பழைய கிறிஸ்தவத் துதிப்பாடல்.

‘இயெவன் போல்கா’வை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. 2006இல் ஒரு கார்ட்டூன் பெண் வெங்காயத்தாளைச் சுழற்றிக்கொண்டே இணையமெங்கும் ஆடியது ‘லொய்துமா’ குழு பாடிய அந்தப் பாட்டுக்குத்தான். உங்கள் மகளைக் கேளுங்கள், உங்களுக்குப் பாடியே காட்டிவிடுவாள்.