பண்டிகைக் குறுக்கெழுத்துப் புதிரை எப்படி அவிழ்ப்பது?

நீங்கள் கேட்டது: “பொங்கல், நத்தார் (கிறிஸ்மஸ்) நாட்களுக்கென்று பூடகக் குறிப்புகளோடு, அதாவது விடையை நேரே சொல்லாமல் சொல்விளையாட்டில் ஒளிக்கும் குறிப்புகளோடு, வரும் குறுக்கெழுத்துகளை எப்படி அவிழ்ப்பது? கருப்பொருள் தெரிந்தும் எனக்கு ஒரு வரிசைகூட நிரம்பவில்லை.”

கருப்பொருள் தெரிந்ததால்தான் நிரம்பவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் வடஇலங்கையின் வன்னியில் உள்ள விசுவமடு ஆள். எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் வாசிக்க வரும் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் ஒருவர், ஒரு தைப்பொங்கலுக்கு முதல் நாள், கணக்குக் கொப்பித் தாளில் தானே கட்டம் கீறி, மேலே ‘பொங்கல்’ என்று மட்டும் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் படம் எடுத்து வந்து வீட்டில் ஒரு தாளில் கீறிக்கொண்டேன். குறிப்புகளை வாசிக்க முன்னமே மனதில் வந்த பொங்கல் சாமான்களைக் கட்டங்களுக்கு அளந்து பார்த்தேன். நான்கெழுத்தில் மட்டும் கரும்பு, மஞ்சள், அடுப்பு, தோரணம் என்று வரிசையாக வருகின்றன. எல்லாம் எல்லா இடத்துக்கும் பொருந்துவதுபோல இருக்கும். ஒரு மணித்தியாலம் அப்படியே போனது.

கருப்பொருளை மறந்துவிட்டுக் குறிப்பை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதி உண்டு. ஒன்று விடையின் பொருள். அது பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்தில் அல்லது முடிவில் இருக்கும். மற்றது விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. ரீச்சரின் குறிப்பு ஒன்று (அடைப்பில் உள்ள எண் விடையின் எழுத்துக் கணக்கு):

அலங்கோலத்தில் பாதி போனால் முற்றம் அழகு பெறும் (3)

வாசித்தால் வீடு கூட்டுவது பற்றிய பேச்சு. அந்தப் பேச்சை நம்பக்கூடாது. ‘அலங்கோலத்தில்’ என்பதில் உருபையும் சாரியையையும் கழற்றினால் ‘அலங்கோலம்’, ஆறு எழுத்து. முன்பாதி மூன்றும் போனால் மிச்சம் கோலம். தமிழில் பலர் தடுமாறும் இடம் இந்த உருபு கழற்றல்தான். அதனால் குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் முதலில் அதன் வேருக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது:

அம்மா தொடங்க, திரும்பிச் சிரி. உலையில் விழும் (3)

அம்மாவின் தொடக்கம் ‘அ’. ‘சிரி’யைத் திருப்பினால் ‘ரிசி’. விடை அரிசி. எங்கள் கட்டங்களில் உயிர்மெய் ஓர் எழுத்தாகவே நிற்கும். திருப்பும்போது மெய்யும் உயிரும் பிரியாது. ஆங்கிலப் புதிர்களில் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘கடையில் மா, பக்கத்தில் அதன் விலை, கும்பத்தின் மேல் இருக்கும் (3)’ என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடனே பிடிபடும். தமிழ்நாட்டில் மாவு என்பதை நாங்கள் மா என்போம். ஆகவே மாவிலை.

எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு இது:

கருவோடு சேர்ந்த முனை முறிந்த அம்பு மன்மதனுக்கு வில்லாகும் (4)

அம்பின் முனை முறிந்தால் ‘அ’ போய் ‘ம்பு’ மிஞ்சும். அதைக் ‘கரு’வோடு சேர்த்தால் கரும்பு. மன்மதன் வில் கரும்புதானே! முறிந்த அம்பு வில்லாகிற அழகைப் பார்த்துவிட்டு நெடுநேரம் அடுத்த குறிப்புக்கே போகவில்லை. பொங்கல் முற்றத்தில் கரும்பை எத்தனை தரம் பார்த்திருப்பேன், மன்மதன் ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. கருப்பொருளை வெளிப்படையாகச் சொல்லாமல் வேறு வாசலால் கூட்டிக்கொண்டு வருவதுதான் நல்ல பண்டிகைப் புதிர்.

குறுக்கெழுத்து அச்சில் வந்ததே ஒரு பண்டிகைக் காலத்தில்தான். 1913 டிசெம்பர் 21, நத்தாருக்கு முந்திய ஞாயிறு, ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையின் இணைப்பில் ஆர்தர் வின் வெளியிட்டார். அதற்குப் பூடகம் ஏற்றியவர்கள் 1920களில் பிரித்தானியர்கள். ஆனால் அந்த வித்தை எங்களுக்குப் புதிது இல்லை. எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்து வேறு வேறு சொல் பெறுவதை அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அக்கரச்சுதகம் என்கிறது. கூட்டிக்கொண்டு போவது எழுத்து வருத்தனம். இரட்டைப் பொருளுக்குக் காளமேகத்தின் சிலேடைகள் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, தமிழில் பூடகக் குறுக்கெழுத்து வராது என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

நாலைந்து விடை விழுந்த பிறகு குறுக்கிடும் எழுத்துகள் உதவும். இங்கே இலக்கணம் கைகொடுக்கும். பிறமொழிச் சொல் இல்லையென்றால் முதல் கட்டத்தில் புள்ளி வைத்த எழுத்து வராது. ண, ள, ழ, ற, ன வரிசைகளும் வரா. கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் வராது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த நன்னூல் இங்கே காப்பாற்றும்.

என்னைக் கவிழ்த்த குறிப்பையும் சொல்ல வேண்டும்:

புரியச் சொல், உப்புத் தண்ணீரிலும் எரியும் (4)

எரியும் என்றதும் பேனையால் அடுப்பு என்று எழுதினேன். இரண்டாம் கட்டத்தில் ஏற்கெனவே ‘குளம்’ தந்த ‘ள’ நின்றது. ‘வளத்தின் தலை மாறினால் வயலுக்கு நீர்’ என்ற குறிப்புக்குக் குளம் என்பது ஐயமில்லாத விடை. அப்படியிருந்தும் நான் குளத்தை வெட்டினேன், அடுப்பை வெட்டவில்லை. பொங்கல் என்றால் அடுப்பு என்ற எண்ணம் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது.

அம்மம்மா குந்தில் இருந்து பயறு கொழித்துக்கொண்டிருந்தா. குறுக்கெழுத்துப் பக்கத்தை ஒருநாளும் திருப்பாதவ. ஆனால் சின்ன வயதில் எங்களுக்கு இரவிரவாக நொடி (விடுகதை) போட்டவ. குறிப்பைச் சத்தமாக வாசித்தேன். தலை நிமிராமலே சொன்னா:

“இதென்ன கேள்வி தம்பி? வைகாசிப் பொங்கலுக்கு உப்புத் தண்ணியில எரியிறது என்ன?”

அவ பிறந்தது வற்றாப்பளைக்குப் பக்கத்து ஊரான முள்ளியவளை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பது வழமை. ‘புரியச் சொல்’ என்றாலும் விளக்குதான். ரீச்சர் தலைப்பில் ‘தை’ போடாததை நான் கவனிக்கவில்லை. வன்னியில் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல் என்று எத்தனை பொங்கல்! இது தெரிந்த மண்ணில் பிறந்தும் தையோடு நின்றுவிட்டேன்.

அதனால் உங்களுக்குச் சொல்வது: பொருந்தாமல் ஒரு கட்டம் முரண்டு பிடித்தால், கருப்பொருளை வைத்து எழுதிய விடையை முதலில் சந்தேகியுங்கள், குறிப்பின் எழுத்துகளால் வந்த விடையைத் தொடாதீர்கள். அப்படியும் வராவிட்டால் வீட்டில் உள்ள மூத்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த நாள் பொங்கலும் கையுமாக ரீச்சர் வீட்டுக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். வெட்டியிருந்த அடுப்பைப் பார்த்துவிட்டு, “இதை ஆர் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். சொன்னேன்.

“அப்ப அடுத்த முறைக்கு அவவிட்ட நாலு நொடி கேட்டுக்கொண்டு வாரும்” என்றார்.